பதினேழாம் கொக்கி

மலைக்கு விடுமுறைக்கு வருகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. எங்கே போகலாம் என்று கேட்கிறவர்கள் ஒரு ரகம். எங்கே போக வேண்டும் என்பதைத் தாங்களே சொல்லிவிட்டு, அதைத் தாளில் எழுதிக் கொடு என்கிறவர்கள் இன்னொரு ரகம். விடுதியின் முன்கூடத்தில், ஜன்னலோரத்து மேசையில் உட்கார்ந்து, பதினோரு வருடமாக இரண்டு ரகத்துக்கும் அவள் தாள் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஏரியைச் சுற்றி நடக்க எவ்வளவு நேரம் ஆகும், அருவிக்கு எந்தப் பாதை வழுக்காது, கயிறு கட்டிப் பாறை ஏற எந்த வயதுப் பிள்ளைகளை விடலாம், சைக்கிளை எந்த இறக்கத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும், மூடுபனி எத்தனை மணிக்கு இறங்கும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. முதலாளியிலிருந்து சமையல்காரர் வரை எல்லோருக்கும் அவள் பிளான் அக்கா.

அன்று காலை மேசைக்கு முன்னால் வந்து நின்றவர் சந்தேகமே இல்லாமல் இரண்டாவது ரகம். தலையில் குடை அகலத்துக்கு ஒரு தொப்பி, கழுத்தில் தொலைநோக்கி. பின்னால் அவர் மனைவி, இரண்டு பேருடைய பையையும் தானே சுமந்துகொண்டு.

"நாலு நாள் இருப்போம். நாலு நாளைக்கும் நல்லதா நடை போட்டுக் குடும்மா. சின்னப் பிள்ளைங்க போற வழியெல்லாம் வேண்டாம். நான் ஏற்கெனவே வந்தவன். இந்த மலையில எனக்குத் தெரியாத சந்து பொந்து கிடையாது" என்றார் தொப்பிக்காரர். சொல்லிக்கொண்டே கார் சாவியை மேசையில் போட்டார்.

சாவியோடு சேர்ந்து ஒரு பித்தளை வில்லையும் விழுந்தது. ஓரத்தில் கொஞ்சம் நசுங்கியிருந்தது. நடுவில் உளியால் அடித்த எண். பதினேழு.

அவள் எதிர்ச்சுவரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, "அழகா இருக்கே சார், எங்க வாங்கினீங்க?" என்று கேட்டாள். அவ்வளவு இனிப்பான குரல் தன்னிடம் இருப்பது அவளுக்கே தெரியாது.

"இதுவா? ஏதோ ஒரு கடையில. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, ரெண்டு வாங்கினேன், ஒண்ணு தொலைஞ்சுபோச்சு." சாவியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. இதே நாலு வார்த்தையை, இதே குரலில், அவள் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருந்தாள்.

மேசைக்கு எதிர்ச்சுவரில் ஒரு பலகை இருந்தது. அதில் முப்பது கொக்கிகள், ஒவ்வொன்றிலும் எண் போட்ட ஒரு பித்தளை வில்லை. மலைக்குள் நடக்கப் போகிறவர் ஒரு வில்லையைத் தன் கையாலேயே எடுத்துப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்ததும் தன் கையாலேயே மாட்ட வேண்டும். பொழுது சாயும்போது ஒரு கொக்கி காலியாக இருந்தால் ஒரு ஆள் இன்னும் மலைக்குள் இருக்கிறார் என்று அர்த்தம். கைடு கிளம்பிவிட வேண்டும். விடுதி தொடங்கிய நாளிலிருந்து இதுதான் நடைமுறை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் பதினேழாம் கொக்கி காலியாக இருந்தது. ஒருநாள் நடைக்காகத் தனியாக வந்தவர் யாரோ எடுத்துப் போனது. போன் போட்டால் எடுக்கவில்லை. அப்போது தலைமைக் கைடாக இருந்தவன் அவள் புருஷன்தான். கூட இருந்தவர்கள் அவனுக்கு மலையாடு என்று பெயர் வைத்திருந்தார்கள். அப்படி ஒரு ஏறு ஏறுவான். மழையில், மூடுபனியில், விடியும்வரை அந்த ஆளைத் தேடிக்கொண்டு போனவன் ஓடைக்கு மேலே பாறையில் சறுக்கி விழுந்தான். தூளியில் போட்டுத்தான் தூக்கி வந்தார்கள். அதற்குப் பிறகு அந்த முழங்கால் மடங்கவே இல்லை.

தேடப்பட்ட ஆசாமியோ மலையின் மறுபக்கமாக இறங்கி, பஸ் பிடித்து, வீட்டுக்குப் போய் வெந்நீரில் குளித்துவிட்டுத் தூங்கியிருக்கிறார். மறுநாள் முதலாளி எல்லோருக்கும் கேட்கும்படி போனை ஸ்பீக்கரில் போட்டு விசாரித்தபோது, "வில்லையை மாட்டிட்டுத்தான் வந்தேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்று அடித்துச் சொன்னார். முதலாளிக்கு அது போதும். விருந்தாளிக்குப் பொய் சொல்ல என்ன அவசியம் என்று கேட்டார். பலகைக்குப் பொறுப்பானவனே வில்லையைத் தொலைத்துவிட்டு, மலையில் இல்லாத ஆளைத் தேடிப்போய்க் காலை உடைத்துக்கொண்டிருக்கிறான் என்று தீர்ப்புச் சொன்னார். பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதினார்: 'வில்லை 17 தொலைந்தது. கைடின் அலட்சியம்.' தலைமைக் கைடுக்கு அடையாளமான பச்சைக் கைப்பட்டையையும் கழற்றி வாங்கிக்கொண்டார்.

அத்தோடு விட்டாரா? பதினேழுக்குப் புது வில்லை செய்யவில்லை. மற்ற கைடுகளுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று அந்தக் கொக்கியை அப்படியே காலியாக விட்டார். அதற்கு ஒரு புது விதியும் போட்டுப் பலகைக்குக் கீழே ஒட்டினார்: பதினேழைத் தவிர வேறு கொக்கி காலியாக இருந்தால் மட்டுமே தேடப் போக வேண்டும், அதுவும் முதலாளியைக் கேட்டுக்கொண்டு. இரண்டு வருடமாகத் தினமும் நிமிரும்போதெல்லாம் அந்தக் கொக்கி அவள் கண்ணைக் குத்திக்கொண்டிருந்தது. மலையாடு இப்போது பூட்ஸ் அறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, விருந்தாளிகளின் சேற்றுப் பூட்ஸைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தான். யாரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவன் வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவன். அவனுக்கும் சேர்த்து வயிறு எரிந்தது அவளுக்குத்தான்.

தொப்பிக்காரரும் மனைவியும் அறைக்குப் போனதும் அவள் விருந்தாளிகள் ஏட்டையும் பழைய பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதே பெயர். அதே கோணல் கையெழுத்து. 'மாட்டினியாடா, பாவி' என்று வாய்க்குள் முனகினாள்.

முதலாளியிடம் ஓடலாம். ஓடினால் என்ன ஆகும்? கடையில் வாங்கினேன் என்று அந்த ஆள் ஒரே போடாகப் போடுவார். விருந்தாளிக்குப் பொய் சொல்ல என்ன அவசியம் என்று முதலாளி பழைய பாட்டைப் பாடுவார். அதற்குள் வில்லை எந்தப் பள்ளத்தில் கிடக்குமோ. புருஷனிடம் சொன்னால், போகட்டும் விடு என்பான். அந்த வார்த்தையைக் கேட்கும் தெம்பு அவளுக்கு இல்லை. சிவப்பு மையில் எழுதின கையாலேயே அதை அடிக்க வைக்க வேண்டும். எடுத்துப்போன கையாலேயே மாட்ட வைக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அவளுக்கு ஆறாது. நாலு நாள் இருக்கிறது, போதும் என்று ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டாள்.

முதல் மூன்று நாளும் ஆளை எடைபோடுவதற்கு. முதல் நாளுக்கு ஏரிக்கரை நடை எழுதினாள், காலை ஏழு மணிக்குக் கிளம்பவும் என்று. அவர் பத்தரைக்குக் கிளம்பினார். இரண்டாம் நாள் காட்டுப்பாதை. புதுச் செருப்பு வேண்டாம் என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, மனைவியின் பழைய செருப்பைப் பையில் வைக்க விடாமல் புதுசையே போட்டுக்கொண்டு வரச் சொன்னார். பாவம், அந்த அம்மாவுக்குக் குதிகால் இரண்டிலும் கொப்புளம். மூன்றாம் நாள் அருவி. மழைக்கோட்டு எடுத்துப்போகவும் என்று எழுதினாள். அவர் எடுக்கவில்லை. மழை வந்ததும் மனைவியுடையதை வாங்கிப் போட்டுக்கொண்டார் என்று கூடப் போன கைடு வந்து சொன்னான். அந்தக் கைடு அவளுடைய கொழுந்தன்தான். அண்ணனுக்குப் பிறகு பச்சைப் பட்டை அவன் கைக்கு வந்திருந்தது.

"ஆனா அண்ணி, ஒரு கூத்து கேளுங்க" என்றான். "தேன்கூட்டு வளைவுல சத்தம் போடக்கூடாது, கொட்டிச் செத்தவங்க உண்டுன்னு தாள்ல எழுதியிருந்தீங்க இல்ல? அந்த இடத்துல மட்டும் மனுஷன் பூனை நடை நடந்தார். தும்மல் வந்ததைக்கூட அடக்கிக்கிட்டார்."

அவளுக்கு வேண்டியிருந்தது அந்தச் செய்திதான். மற்றவர்களுக்காக எழுதின எதையும் மதிக்காத ஆள், தன் உயிர் சம்பந்தப்பட்டதை மட்டும் அட்சரம் பிசகாமல் கேட்கிறார். இன்னொன்றையும் அவள் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்து வைத்திருந்தாள். மூன்று நாளும் பலகையிலிருந்து வில்லையை எடுத்ததும் மாட்டினதும் அவர் மனைவிதான், இரண்டு பேருக்கும் சேர்த்து. அவர் கை பலகைப் பக்கமே போகவில்லை.

சாயங்காலம் சாயங்காலம் நடந்ததையும் அவள் பார்த்தாள். தொப்பிக்காரர் பூட்ஸ் அறை வாசலில் நின்றபடியே சேற்றோடு பூட்ஸை உள்ளே விட்டெறிவார். "உள்பக்கமும் துடைப்பா, நேத்து ஈரமாவே இருந்துச்சு" என்பார். மலையாடு மடங்காத காலை நீட்டியபடியே குனிந்து அதை எடுப்பான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிவிடுவாள்.

நாலாம் நாளுக்கு அவள் எழுதின தாள் இருக்கிறதே, பதினோரு வருடத்தில் அவ்வளவு அக்கறையாக ஒன்று எழுதியதில்லை. "மேடமுக்குக் காலுல கொப்புளம், அவங்க ஓய்வெடுக்கட்டும் சார். உங்களுக்கு மட்டும் ஒரு வழி வச்சிருக்கேன். சாதாரண ஆளுங்களுக்கு இதைச் சொல்றதில்ல" என்று நீட்டினாள். தொப்பிக்காரருக்கு முகமெல்லாம் பல். கல்வீடு என்று ஒன்று மலைமேல் இருக்கிறது. பழைய காவல்காரர்கள் தங்கினது. பின்வாசல் வழியாகத்தான் பாதை. ஒன்றரை மணி நேர ஏற்றம். மேலே போனால் இரண்டு பக்கத்துப் பள்ளத்தாக்கும் தெரியும்.

தாளில் ஒரு பிழை கிடையாது. ஏழு மணிக்குக் கிளம்பவும். வில்லை எடுத்துச் செல்லவும். இரண்டு மணிக்கு மேல் மூடுபனி இறங்கும், அதற்குள் திரும்பிவிடவும். கடைசியில் கொட்டை எழுத்தில், இரண்டு தடவை அடிக்கோடு போட்டு: மூடுபனியில் மாட்டிக்கொண்டால் கல்வீட்டை விட்டு ஓரடி நகரக்கூடாது, பாதை ஓரத்தில் பாதாளம், நகர்ந்தவர்கள் திரும்பி வந்ததில்லை, ஆள் வரும்வரை உள்ளேயே இருக்கவும். முதல் மூன்றையும் அவர் செய்யமாட்டார், கடைசியைச் செய்வார் என்று அவளுக்குத் தெரியும்.

நாலாம் நாள் விடியுமுன்பே எழுந்து அவள் கல்வீட்டுக்கு ஏறிப் போய் வந்தாள். கூரை ஒழுகுகிறதா என்று பார்த்தாள். ஒழுகவில்லை. பெஞ்சின் மேல் ஒரு கம்பளியும் ஒரு பாட்டில் தண்ணீரும் வைத்தாள். அவள் ஒன்றும் கொலைகாரி இல்லையே. அந்த ஆள் உயிரோடு வேண்டும், கையும் விரலும் முழுசாக வேண்டும். பிஸ்கட் பாக்கெட் ஒன்றும் கொண்டு போயிருந்தாள். வைக்கலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, வருகிற வழியில் தானே தின்றுகொண்டு வந்தாள்.

நாலாம் நாள் அவர் பதினொன்றே காலுக்குக் கிளம்பினார். மனைவி மாடியில் கால் நீட்டிப் படுத்திருந்தாள். கொழுந்தன் ஒரு கூட்டத்தோடு ஏரிக்குப் போயிருந்தான். பின்வாசல் பக்கம் தொப்பி மறைவதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சார், வில்லை எடுக்கலையா என்று கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். தினமும் முப்பது பேரிடம் சொல்கிறவள்தானே. அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அவள் செய்த குற்றம் என்று ஒன்று உண்டென்றால் அது இவ்வளவுதான்.

இரண்டு மணிக்குச் சொல்லி வைத்தாற்போல் மூடுபனி இறங்கியது. இரண்டரைக்கு மழை பிடித்துக்கொண்டது. மூன்றேமுக்காலுக்குள் வெளியே போன எல்லோரும் வந்து வில்லையை மாட்டிவிட்டார்கள். அவள் பலகையைப் பார்த்தாள். இருபத்தொன்பது வில்லையும் வரிசையாகத் தொங்கின. இத்தனை வருடத்தில் அவளுக்கு இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. இந்நேரம் பெஞ்சில் சுருண்டு உட்கார்ந்திருப்பார், கதவையே பார்த்துக்கொண்டிருப்பார், யாராவது வருவார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். இரு ராசா இரு. விடியும்வரை தேடினவன் ஒருத்தன் இருக்கிறான், நீ ஒரு சாயங்காலம் இருக்க மாட்டாயா என்று மனசுக்குள் பேசிக்கொண்டே பென்சிலைச் சீவினாள். இடையில் இரண்டு தடவை ஜன்னலுக்குப் போய் மழையைப் பார்த்துவிட்டு வந்ததும் உண்மைதான்.

நாலு மணிக்குத் தொப்பிக்காரரின் மனைவி கெந்திக் கெந்தி இறங்கி வந்தாள். "இன்னும் அவர் வரலைங்க. போனும் போகல. யாரையாவது அனுப்புங்களேன்."

பிளான் அக்கா எழுந்து போய் முதலாளியை அழைத்து வந்தாள். முதலாளி பலகைக்கு முன்னால் நின்று, விரல் வைத்து ஒவ்வொரு கொக்கியாகப் பார்த்தார். "எல்லாம் இருக்கேம்மா. பலகைப்படி ஒருத்தரும் வெளியில இல்ல. சார் கடைத்தெருப் பக்கம் எங்கேயாவது போயிருப்பார்."

"இல்லைங்க, கல்வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான் போனார்."

"போயிருந்தா வில்லை குறைஞ்சிருக்கணும். இப்படி ஆளில்லாத மலைக்குள்ள தேடப்போய்தான் ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஒருத்தன் காலை உடைச்சுக்கிட்டான். அதுக்கப்புறம் விதியே போட்டுட்டேன்." அவளைத் திரும்பிப் பார்த்தார். "நீயே சொல்லும்மா."

"ஆமா மேடம். பதினேழைத் தவிர வேற கொக்கி காலியா இருந்தாத்தான் தேடப் போகணும்" என்று அவள் ஒரு சொல் மாறாமல் ஒப்பித்தாள்.

சத்தம் கேட்டுப் பூட்ஸ் அறையிலிருந்து மலையாடு வந்து நின்றான். பழைய மழைக்கோட்டை மாட்டியிருந்தான். மடங்காத காலை வாரால் இறுக்கிக் கட்டியிருந்தான். ஆள் வெளியில் என்ற சொல் காதில் விழுந்ததும் உடம்பு தானாகக் கிளம்பிவிட்டது போல. இதை அவள் பிளானில் எழுதியிருக்கவில்லை. மறுபடியும் அந்தக் காலோடு, மறுபடியும் அதே ஆளுக்காக! ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தொப்பிக்காரரின் மனைவி பலகையையே வெறித்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த அம்மா அழுவதைப் பார்க்க அவளுக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது, கொஞ்சம்தான்.

"அது காலியாத்தானே இருக்கு?" என்று அந்த அம்மா கையை நீட்டினாள். "அந்தப் பதினேழு. அது அவர்கிட்டதான் இருக்கு."

"என்ன சொல்றீங்க?" என்றார் முதலாளி.

"கார் சாவியில கோத்து வச்சிருக்கார். ரெண்டு வருஷமா அவர்கிட்டதான் இருக்கு. நீங்க போன் பண்ணப்போ மாட்டிட்டேன்னு சொன்னாரே, அதுக்கு மறுநாள் துணி துவைக்கறப்போ பேன்ட் பையிலிருந்து விழுந்துச்சு. தபால்ல அனுப்பிடலாம், பாவம் தேடுவாங்கன்னு நான் சொன்னேன். ஒரு பித்தளைத் துண்டுக்காக எவன் அழறான், விடுன்னுட்டார். சத்தியமாங்க. அவர் வெளியிலதான் இருக்கார். யாரையாவது அனுப்புங்க."

முன்கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த விருந்தாளிகள், ஏரியிலிருந்து வந்து ஈரத்தோடு நின்ற கொழுந்தன், கரண்டியோடு எட்டிப் பார்த்த சமையல்காரர், எல்லோரும் கேட்டார்கள். முதலாளி பேயறைந்த மாதிரி நின்றார்.

பிளான் அக்கா மலையாட்டின் காதோடு சொன்னாள். "கல்வீட்டுலதான் இருக்கார். கூரை ஒழுகாது, கம்பளி வச்சிருக்கேன். நீங்க போக வேண்டாம்."

அவன் அவளைப் பார்த்தான். "தெரிஞ்சே செஞ்சியா?"

"தெரிஞ்சேதான்."

அவன் மழைக்கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தான். அவள் மேசைக்குப் போய்ப் பழைய பதிவேட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து, சிவப்புப் பேனாவோடு முதலாளி முன்னால் வைத்தாள்.

"இப்பவா?" என்றார் முதலாளி. "முதல்ல ஆளைக் கொண்டுவரட்டும்மா."

"பதினேழுக்காக யாரும் போகக்கூடாதுன்னு நீங்கதானே விதி போட்டீங்க? வில்லை தொலையல, விருந்தாளிகிட்ட இருக்குன்னு எழுதினாத்தான் ஒரு ஆள் வெளியில இருக்கார்னு ஆகும். எழுதுங்க, உடனே கிளம்பிடுவாங்க."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி பழைய வரியைக் குறுக்கே அடித்தார். கீழே எழுதினார்: 'வில்லை 17 விருந்தாளியிடம் இருக்கிறது. கைடின் மேல் தவறில்லை.' கையெழுத்தும் போட்டார். எழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது, ஆனால் படிக்க முடிந்தது. அவள் இரண்டு தடவை படித்தாள்.

கொழுந்தன் கயிற்றையும் டார்ச்சையும் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தான். "அண்ணே, நான் கிளம்பறேன்."

ஆள் வெளியில் இருந்தால் சோற்றுத் தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடுகிறவன் மலையாடு. தம்பியையும் அப்படித்தான் பழக்கியிருந்தான். பூட்ஸ் அறை வாசலில் முக்காலியை இழுத்துப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டான். "இப்பதானே நனைஞ்சு வந்தே. டீ குடிச்சிட்டுப் போ" என்றான். கொழுந்தன் அண்ணனைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான். பிறகு கயிற்றைக் கீழே வைத்துவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டான். டீ நல்ல சூடாக இருந்ததால் ஊதி ஊதித்தான் குடிக்க வேண்டியிருந்தது.

நன்றாக இருட்டின பிறகுதான் தொப்பிக்காரரைக் கூட்டிவந்தார்கள். தொப்பி எங்கேயோ காற்றோடு போயிருந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தார். ஓரடிகூட நகரவில்லையாம், நாலு மணி நேரம் ஒண்ணுக்குக்கூட வெளியே வரவில்லை என்று கொழுந்தன் சொன்னான். உள்ளே வந்ததும், "என்ன விடுதி நடத்தறீங்க? ஒருத்தன் வரலைன்னா தேட மாட்டீங்களா?" என்று எடுத்தவுடன் எகிறினார். அவர் மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்து கிடந்த பதிவேட்டை முதலாளி அவர் பக்கம் திருப்பி வைத்தார். படித்ததும் எகிறல் அப்படியே அடங்கிப்போனது.

"குடுங்க, நான் மாட்டிடறேன்" என்று முதலாளி கையை நீட்டினார்.

"வேண்டாம்" என்றாள் அவள். "எடுத்தவங்க கையாலதான் மாட்டணும். அதுதான் இங்க நடைமுறை."

தொப்பிக்காரர் சாவிக்கொத்திலிருந்து வில்லையைக் கழற்றினார். குளிரில் விரல் விறைத்திருந்ததால் வளையம் லேசில் வரவில்லை. நகத்தை விட்டு நெம்பிக் கழற்றிக்கொண்டு பலகைக்குப் போனார். முதல் தடவை கொக்கியில் படாமல் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தார். இரண்டாம் தடவையும் விழுந்தது. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க மூன்றாம் தடவைதான் மாட்ட முடிந்தது. அவளுக்கு இன்னும் பத்து தடவை விழுந்தாலும் பார்க்கலாம் போல இருந்தது.

அப்புறம் அவர் பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். நாலு நாள் பழக்கம் விடுமா? இரண்டையும் சேற்றோடு தூக்கிப் பூட்ஸ் அறைப் பக்கம் நீட்டினார்.

மலையாடு முக்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. பலகையில் புதிதாக வந்த வில்லை ஆடி நிற்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"குழாய் வெளியில இருக்கு சார்" என்றான். "பிரஷ்ஷும் அங்கேயே தொங்குது."